நூலாகாத பஞ்சு

நேற்று பழைய தலையணையைப் பிரித்து வெயிலில் தட்டினேன். பஞ்சு மூக்கில் ஏறி ஒன்பது தும்மல். உங்களுக்கு அது தூசி. எனக்கு அப்பாவின் வாசனை.

அப்பா புதுச்சேரியில் ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்தார். பகல் ஷிப்ட் முடிந்து கடற்காற்றுக்கு எதிராக சைக்கிள் மிதித்து வருவார். தலையில் ஒட்டிய பஞ்சு பின்பக்கமாகப் பிய்ந்து பறக்கும். "அங்கயே நின்னு தட்டிட்டு வாங்க" என்று அம்மா வாசலில் மறிப்பாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் இயற்பியல் முதுகலை படித்தேன். விண்மீன் மண்டலங்கள் கொத்தாகச் சேர்ந்திருக்கும் இடங்களில், அவற்றுக்கு நடுவே கோடிக்கணக்கான டிகிரி சூட்டில் வாயு நிறைந்திருக்கிறது. எக்ஸ்ரேயில்தான் தெரியும். அதன் ஊடே பாயும் மண்டலம் எதிர்காற்றில் தன் வாயுவை இழக்கும், அப்பாவின் தலையைப் போல. படித்ததுமே இதுதான் என் ஆய்வு என்று முடிவு கட்டிவிட்டேன். "புத்தகமே இல்ல, வேற தலைப்பு எடும்மா" என்றார் பேராசிரியர். நான் மசியவில்லை. "சரி, வகுப்புல பேசிக் காட்டு. அப்புறம் பாக்கலாம்."

பேசினேன். மண்டலங்களிலிருந்து உதிர்ந்த கழிவுதான் அந்த வாயு என்று அடித்துச் சொன்னேன். மில்காரர் மகளுக்கு வேறெப்படித் தோன்றும்? பேராசிரியர் நிறுத்தினார். "உதிர்ந்தது கொஞ்சம்தான். அங்க இருக்கற விண்மீனையெல்லாம் கூட்டினாலும் வாயுதான் பல மடங்கு எடை. அது ஏன் விண்மீனாகல? ஒரு வாரம் தரேன்."

ஆறு நாள் முட்டி மோதினேன். ஏழாம் நாள் சாப்பிடும்போது, வாயுவைப் பஞ்சு என்றும் விண்மீனை நூல் என்றும் சொல்லி அப்பாவிடம் புலம்பினேன்.

"முக்காவாசிக்கு மேல பஞ்சாவே கெடக்குதா? என்னாம்மா மில்லு அது!" என்று சிரித்தார். "அவ்ளோ சூடா? ஷெட்டு சூடேறி காஞ்சி கெடந்தா எங்களுக்கே நூலு நிக்காது, அறுந்துக்கினே இருக்கும். அதான் தண்ணி தெளிக்கிறோம்."

எனக்குப் பொறி தட்டியது. சூடு தணிந்தால்தான் வாயு சுருங்கி விண்மீனாகும். அங்கே பெரும்பகுதி தணியவே இல்லை.

மறுநாள் மில்லையும் சேர்த்தே சொன்னேன். பேராசிரியர் முகம் மலர்ந்தது. "இத எங்க படிச்ச?"

"ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில சார்."

எங்கள் ஊரில் பிரெஞ்சு என்றால் மேற்கொண்டு யாரும் கேட்கமாட்டார்கள். தலைப்பு கிடைத்தது.

சாயங்காலம் அப்பா கேட்டார். "நான் சொன்னதச் சொன்னியா?"

"சொன்னேம்பா."

"யாரு சொன்னதுன்னு கேட்டாரா?"

"கேட்டாரு. எங்கப்பான்னு சொன்னேன்."

அதை அவர் அம்மாவிடம் இரண்டு முறை சொன்னார்.

அந்த வெட்கம் இன்னும் ஆறவில்லை. கல்லூரிப் பணியில் ஓய்வு பெற்ற பிறகும் அங்கே வகுப்பெடுத்து வருகிறேன். இந்தப் பாடத்தை, மில்லில் வேலை பார்த்த என் அப்பா சொன்னது என்றுதான் ஆரம்பிப்பேன். ஒரு வருஷமும் விட்டதில்லை. அப்பா போய்விட்டார், மில் சங்கும் ஊதுவதில்லை. பிள்ளைகள் எழுதிக்கொண்டே நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

"மில்லா? நம்ம ஊர்லயா மேடம்?"