கோழிக்கம்பியில் ஒரு மோரிஸ் மைனர்

துரை வாயால் சொன்னால் போதும், அதற்குமேல் காகிதம் கேட்பது மரியாதை இல்லை என்று நம்பியவர் பழனியப்பன். நம்பிக்கைக்கு என்ன, யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருஷம் ஃபிட்டர் வேலை. இலை உருட்டும் மெஷின் நின்றுபோனாலும் அவர்தான், மேனேஜர் பங்களாவில் குழாய் ஒழுகினாலும் அவர்தான். குடியிருந்த லயத்து வீடு எஸ்டேட்டுடையது. வேலையை விட்டு நின்றதும் அதைக் காலி செய்துவிட வேண்டும். அதற்கு இன்னும் இரண்டே வருஷம் என்று தெரிந்தபோது, இத்தனை காலம் உழைத்ததற்குத் தன்னுடையது என்று தொட்டுக் காட்ட ஒரு பொருளாவது வேண்டும் என்ற ஆசை அவரைப் பிடித்துக்கொண்டது.

அந்தப் பொருள் தொழிற்சாலைக்குப் பின்னால், பழைய விறகுக் கொட்டகையில் கிடந்தது. ஒரு மோரிஸ் மைனர் கார். பழைய துரை ஓட்டியது. பல வருஷங்களுக்கு முன்னால், எஸ்டேட்டை விட்டுப் போகிற அன்று அவர் கொட்டகைப் பக்கம் வந்து, "பழனி, இந்தக் கார நீ எடுத்துக்கோ. இனிமே ஒன்னோடது," என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அன்று கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த அவர் மனைவி ருக்குமணி, சேதியைக் கேட்டதும் ஒன்றுதான் கேட்டாள்.

"ஒரு காயிதத்துல எழுதி வாங்கினீங்களா?"

"போற மனுசன் கையப் புடிச்சு எழுதிக் குடுங்கன்னு கேக்கச் சொல்றியா? அறிவிருக்கா ஒனக்கு?"

முப்பது வருஷம் கொழுந்து பறித்தவள் அவள். தராசடியில் கணக்கு எழுதும் கிராணி எழுதினால்தான் கிலோ, வாயால் சொன்னது கிலோ இல்லை என்று அவளுக்குத் தெரியும். கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கார் அத்தனை வருஷமும் அப்படியே கிடந்தது. கடைசியில் அவர் அதற்கடியில் படுத்துப் பார்த்தபோது தரைத் தகடு சல்லடையாக இருந்தது. மல்லாந்து படுத்துக்கொண்டே வெல்டிங் செய்தார். நெருப்புப் பொறி கழுத்துக்குள்ளும் காதுக்குள்ளும் விழுந்தது. ஐம்பத்தெட்டு வயதுத் தோள்பட்டை ஒரு வாரத்தில் கையை விரித்துவிட்டது. இது நடக்கிற காரியம் இல்லை என்று அவரே நினைத்தார்.

அதற்கு ஒரு வழி பிரிஞ்சாங் டவுனில், அப்துல் சுக்கூரின் சாப்பாட்டுக் கடையில் கிடைத்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் கோழி கம்பியில் சுழன்றுகொண்டிருந்தது. தேநீர் ஆறிப்போகிறவரை பழனியப்பன் அதையே பார்த்தார்.

"என்னாண்ணே, கோழி வேணுமா?" என்றார் சுக்கூர்.

"வேணாம் பாய். கார் வேணும்."

மறுநாளே ஆரம்பித்தார். கழித்துப்போட்ட உருட்டு மெஷினிலிருந்து இரண்டு பெரிய பேரிங், உலர்த்துமிடத்தில் உடைத்துப்போட்ட இரும்புச் சட்டங்கள். கிராணி சிங்காரத்திடம் கேட்டதற்கு, "பழைய இரும்புதானே, எடுத்துக்கோங்கலா," என்றார். அதுவும் வாய்ச்சொல்தான். காரின் முன்னால் ஒரு தாங்கி, பின்னால் ஒரு தாங்கி. பம்பர் மாட்டும் இடத்தில் இரும்புக் கைகளை போல்ட் போட்டு முடுக்கி, இரண்டு பேரிங்குக்கும் நடுவில், எஞ்சின், சக்கரம், கண்ணாடி எல்லாம் கழற்றிய வெறும் பாடி தொங்க வேண்டும். கதவு வாசலில் குறுக்குக் குழாய் வைத்து வெல்ட் செய்துவிட்டுத்தான் தரையை அறுத்தார். அதைச் செய்யாமல் அறுத்தால் பாடி முறுக்கிக்கொள்ளும்.

முதல் தடவை திருப்பியபோது பாடி அவரைக் கேட்காமல் தானே குப்புறக் கவிழ்ந்தது. இழுத்த இழுப்பில் தூணில் போய் மோதினார். பாரம் அச்சுக்கு மேலே இருந்துவிட்டது. பிறகு இரும்புக் கைகளில் விரற்கடைக்கு ஒரு ஓட்டை போட்டு, பாடியை ஒவ்வொரு ஓட்டையாக இறக்கி மாட்டிப் பார்த்தார். மூன்று வாரம் பிடித்தது. நிறுத்திய இடத்தில் நிற்க ஒரு பூட்டுப் பின் வேண்டும். அதைத் தன் மோட்டார்சைக்கிளின் பழைய அச்சை அறுத்துச் செய்தார்.

கடைசியில் ஒற்றை விரலால் தள்ளினால் கார் திரும்பியது. எஸ்டேட்டில் எல்லாரும் அதைக் கோழிக்கம்பி என்றார்கள். "காரு வெந்துருச்சாண்ணே?" என்று போகிற வருகிறவர்கள் கேட்பார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது. நின்றபடி வெல்டிங் செய்தார். ஒன்றரை வருஷத்தில் தரையெல்லாம் புதுத் தகடு. ருக்குமணிகூட ஒருநாள் வந்து ஒற்றை விரலால் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள். அவர் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான காலம் வேறு இல்லை.

அப்போதுதான் குகனேஸ்வரன் வந்தான். கோலாலம்பூரில் படித்துவிட்டு வந்த புது அசிஸ்டண்ட் மேனேஜர்.

"அங்கிள், சூப்பர்லா நீங்க. நான் ஒரு வீடியோ எடுத்துக்கவா?"

பழனியப்பன் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். காரைத் திருப்பிக் காட்டினார். துடைத்து மினுக்கி வைத்திருந்த நம்பர் பிளேட்டையும் நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். தன் வாயால் கெடுவது தவளை மட்டுமா?

வீடியோ தலைமை அலுவலகத்துக்குப் போனது. அங்கே நம்பரைத் தட்டிப் பார்த்தார்கள். காரின் உரிமைப் பத்திரம் கம்பெனி பேரில் இருந்தது. ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று, துரை கம்பெனிக் காரைத் தானம் பண்ணிவிட்டுப் போயிருக்கிறார். கேட்கலாம் என்றால் அவர் இறந்து ஆறு வருஷம்.

கம்பெனி மிரட்டவில்லை, திருடன் என்று சொல்லவில்லை. சுற்றுப்பயணிகள் வரும் தேநீர் மண்டபத்தில் எஸ்டேட்டின் பாரம்பரியச் சின்னமாகக் காரை வைக்கப்போவதாகவும், அவருக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் தரப்போவதாகவும் கடிதம் வந்தது. கோழிக்கம்பியும் சேர்ந்தே போகும். அது எஸ்டேட் இரும்பு.

"துரை எனக்குக் குடுத்தது தம்பி அது."

"தெரியும் அங்கிள். ஆனா பேப்பர் இல்லையே."

லோரி வந்த அன்றாவது அவர் கோபப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. கயிற்றை எங்கே கட்டுவது, பூட்டுப் பின்னை எப்படி மாட்டுவது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அதை நல்ல குணம் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். லோரி போன பிறகு கொட்டகைத் தரையில் இரண்டு தாங்கிகள் நின்ற தடம் மட்டும் இருந்தது. ருக்குமணி 'நான் அன்னிக்கே சொன்னேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் திட்டியாவது ஆறியிருப்பார்.

நாலு மாதம் கழித்து, லயத்து வீட்டைக் காலி செய்கிற வாரத்தில், இரண்டு பேரும் மண்டபத்துக்குப் போனார்கள். கார் பச்சைப் பெயிண்டில் பளபளவென்று கம்பியில் நின்றது. சுற்றிலும் கயிறு. எஸ்டேட் குழுவினர் புதுப்பித்தது என்று பலகை. ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழாவில், பதினொரு மணிக்குக் காரைச் சுழற்றிக் காட்டுவார்களாம்.

பழனியப்பன் பலகையைப் படிக்கவில்லை. முன் கண்ணாடியையும் பின் கண்ணாடியையுமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குகனேஸ்வரனைத் தேடிப் பிடித்தார்.

"தம்பி, கண்ணாடி மாட்டிட்டீங்க. மேல் பாரம் ஏறிருச்சு. பூட்டுப் பின்ன உருவினா அது தானா கவுந்துரும், பக்கத்துல நிக்கிறவன இழுத்துரும். பாடிய ரெண்டு ஓட்டை எறக்கி மாட்டணும். அரை நாள் வேலை, நானே செஞ்சு தர்றேன்."

"அங்கிள், இப்ப அது கம்பெனி சொத்து. சும்மா கை வைக்க முடியாதுலா. என்ன செய்யணும்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க, மேல அனுப்புறேன். வாயால சொன்னா ஏத்துக்க மாட்டாங்க."

நாலு மாதமாக இந்தப் பேச்சையே எடுக்காத ருக்குமணி சிரித்தாள். சேர்ந்து சிரிக்க முடியாத சிரிப்பு அது.

பழனியப்பன் குகனேஸ்வரன் பக்கம் திரும்பினார்.

"நான் எழுத மாட்டேன் தம்பி. ஒங்க துரை எனக்கு வாயாலதான் குடுத்தாரு. நானும் வாயாலதான் சொல்லிட்டேன்."

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. இருவரும் ரோட்டுக்கு இறங்கினார்கள். யாரும் பூட்டுப் பின்னை உருவிவிடக் கூடாதே என்று ஒரு மனசு வேண்டியது. உருவட்டும் என்றது இன்னொரு மனசு. முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, அந்த இரண்டாவது மனசை அவர் அதட்டவில்லை.