பாய் வீட்டு லாரியும் இல்லாத கிளட்ச்சும்

1. கோழிக்கால்

பாகூரில் லத்தீப் பாய் வீட்டுக்கு நான் முதன்முதலாகப் போன அன்று, வாசலிலிருந்து கூடத்துக்கும் கூடத்திலிருந்து அடுப்படிக்கும் சிவப்புச் சிவப்பாகக் கோழிக்கால் தடங்கள் போயிருந்தன. பாயின் மனைவி ஈரத்துணியும் கையுமாக நின்றார். எங்கள் பக்கத்தில் அவரைப் பாயம்மா என்றுதான் கூப்பிடுவோம். அந்தக் கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே அனுப்பியவன் நான்தான் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

"நீதான் மெக்கானிக்கா? மொதல்ல அத்த நிறுத்து" என்றார்.

எதை நிறுத்துவது என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. வாசலை முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு லாரி நின்றது. புதுப் பச்சைப் பெயின்ட், புதுப் பலகை பாடி, நெற்றியில் பாயே எழுதிய பிறைநிலா. அடிவயிற்றிலிருந்து சிவப்பு ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. கோழிகள் அதில் காலை நனைத்துக்கொண்டு வீடு முழுக்க உலா வந்தன. பக்கத்து வீட்டுக்காரர்கள் முதல்நாள் பார்த்துவிட்டு, பாய் வீட்டில் இவ்வளவு காலையிலேயே ஆடு அறுத்துவிட்டார்களே என்று பேசிக்கொண்டார்களாம்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. நான் வில்லியனூரில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். வாரம் ஒரு நாள் விடுமுறை, அன்றைக்கு வெளிவேலை பார்ப்பேன். லத்தீப் பாய்க்குப் பாகூர் கடைத்தெருவில் மளிகைக்கடை. மதராஸில் மிலிட்டரி வண்டி ஏலம் நடக்கிறது என்று கேள்விப்பட்டு, கடைக்கு வேறு எதையோ வாங்கப் போனவர் லாரியோடு திரும்பியிருந்தார். வேறொரு லாரியின் பின்னால் கட்டி இழுத்துத்தான் கொண்டுவந்தார்கள். கரும்பு ஏற்றலாம், நெல் ஏற்றலாம், யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாம் என்பது அவர் கணக்கு. எஞ்சினை வாசலிலேயே வைத்துப் பிரித்து, வாசலிலேயே பூட்டினார்கள். பாடி கட்டிய ஆசாரியும் அங்கேயேதான் இழைத்தார். எல்லாம் முடிந்து ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் நன்றாக உறுமியது. வண்டி மட்டும் நகரவில்லை.

இதற்கிடையில் பாயின் மகளுக்கு நிக்காஹ் முடிவாகிவிட்டது. பந்தல் போட இருந்த ஒரே இடம் அந்த வாசல். பாயம்மா பேசிப் பார்த்தார், அழுது பார்த்தார். கடைசியில் வில்லியனூர் காயலான் கடைக்காரரை வரவழைத்துச் சொல்லிவிட்டார். பந்தல்காரர்கள் வருகிற நாள் காலைக்குள் லாரி தன் காலில் வெளியே போகாவிட்டால், அவர் அதை உடைத்து எடுத்துக்கொண்டு போகலாம்.

இதைப் பாய் என்னிடம் லாரிக்குப் பின்னால் கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னார். பெரிய உடம்புக்காரர், குரல் தழதழத்தது.

"பொண்ண கட்டிக் குடுக்குறேன் ஏழுமல, அதுக்கே நெஞ்சு தாங்கல. அதே நேரத்துல இத்தையும் ஒடச்சி எடுத்துனு போனா நான் இன்னா பண்ணுவேன்?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பரிதாபமாகவும் இருந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு வண்டிக்குள் ஏறினேன்.

2. பெடல்

ஏறி உட்கார்ந்ததும் எல்லாரையும் போலத்தான் செய்தேன். இடது காலை நீட்டிக் கிளட்ச்சைத் தேடினேன். இருந்தது. மிதித்தேன். அரிசி மூட்டைமேல் கால் வைத்தால் இருக்கும் எதிர்ப்புகூட இல்லை. ஒரு ஸ்பிரிங் மட்டும் கிறீச்சிட்டது. குனிந்து பார்த்தால், பெடலின் தண்டு தரைத்தகட்டில் வெல்டு வைத்த ஒரு கொண்டியில் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை.

விசாரித்தபோது கதை வெளியே வந்தது. அந்த வண்டி கிளட்ச்சே இல்லாத ஆட்டோமேட்டிக். அமெரிக்க வண்டி. எப்படி நம் மிலிட்டரிக்கு வந்து சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. ஓட்டிப் பார்க்க வந்த டிரைவர்கள் ஒவ்வொருவரும் ஏறி, கீழே பார்த்து, இரண்டே பெடல் இருப்பதைக் கண்டு இறங்கிப்போனார்கள். மூன்றாவதை மிலிட்டரிக்காரன் கழற்றி விற்றுவிட்டான் என்று ஊரே முடிவு கட்டியது. செலியமேடு கண்ணுசாமி ஒருவர்தான் நின்றார். பழைய பஸ் டிரைவர். கிளட்ச் இல்லாத வண்டியில் உட்கார்ந்தால் இடது கால் மரத்துப்போகும் என்று சொல்லிவிட்டு, கொல்லனிடம் போய் ஒரு பெடல் அடித்து வாங்கிவந்து, தரைத்தகட்டில் வெல்டும் வைக்கச் செய்துவிட்டார். எதனோடும் சேராவிட்டாலும் பரவாயில்லை, காலுக்கு வேலை இருக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

நான் இதற்கு முன் ஆட்டோமேட்டிக்கை ஒரே ஒரு காரில்தான் பார்த்திருந்தேன். அதுவும் பானட்டைத் திறந்து மூடியதோடு சரி. ஆனாலும் ஒன்று தெரிந்தது. இந்தக் கியர்பாக்ஸில் சக்தியைக் கடத்துவதே ஆயில்தான். ஆயில் வற்றினால் எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் சக்கரத்துக்குக் கேட்காது. டிப்ஸ்டிக்கை இழுத்தேன். நுனியில்கூட ஈரம் இல்லை. பாய் வைத்திருந்த டின்னிலிருந்து ஊற்றி லீவரை முன்னால் தள்ளினேன். வண்டி ஒரு முழம் நகர்ந்தது. பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் ஊற்றியதெல்லாம் கீழே வந்துவிட, கோழிகளும் வந்துவிட்டன.

ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்கள், ஆயில் சீல் என்போம், இரண்டும் போயிருந்தன. ஒன்று எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில், இன்னொன்று பின்னால், சக்கரத்துக்குப் போகும் புரப்பெல்லர் ஷாஃப்ட் சேருமிடத்தில். வருஷக்கணக்காகச் சும்மா நின்ற வண்டி. ரப்பர் காய்ந்து அப்பளமாகியிருந்தது.

வேலையை ஆரம்பிக்கும் முன், அந்தப் பொய்ப் பெடலை அறுத்து எடுத்துவிடலாம் என்றேன். பாய் பதறிவிட்டார். அறுத்தால் கண்ணுசாமி போய்விடுவார், அவரும் போனால் வேறு யார் ஏறுவார்கள் என்றார். சரி, நமக்கென்ன, சீல் போடத்தானே வந்தோம் என்று விட்டுவிட்டேன்.

3. குழி

முன் சீலை மாற்றக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். இறக்க வண்டிக்கு அடியில் நிற்க இடம் வேண்டும். பட்டறையில் அதற்குக் குழி இருக்கும். பாய் வீட்டில் ஏது? நாங்கள் வாசலிலேயே வெட்டினோம். சத்தம் கேட்டு வெளியே வந்த பாயம்மா குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

"பந்தக்காலுக்குக் குழி தோண்டுங்கன்னா வண்டிக்குக் குழி தோண்டுறீங்களே" என்றார். பிறகு எங்களுக்கு டீ கொடுத்தனுப்பினார். அவர் கோபம் அப்படிப்பட்டது. திட்டுவார், ஆனால் டீயில் சர்க்கரை குறையாது.

கியர்பாக்ஸைச் செயின் பிளாக்கில் கட்டி இறக்கிப் பழைய சீல்களை எடுத்தேன். அவற்றை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு மதராஸ் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளுக்குப் போனேன். முதல் கடைக்காரர் வண்டியின் பெயரைக் கேட்டதுமே அடுத்த கடையைக் கைகாட்டினார். அடுத்தவர் அதற்கடுத்ததை. தெருக்கோடி வரை போன பிறகுதான் புத்தி வந்தது. திரும்பிவரும்போது வண்டியின் பெயரையே சொல்லவில்லை. உள்சுற்று, வெளிச்சுற்று, கனம், இவற்றை மட்டும் சொன்னேன். உடனே கிடைத்தது. பின் சீலுக்கு ஒரு டிராக்டர் சக்கரத்தின் சீல் அப்படியே பொருந்தியது. முன் சீலுக்குக் கிடைத்தது வெளிச்சுற்றில் கொஞ்சம் சிறிது. வில்லியனூர் லேத்தில் ஒரு ரிங் கடைந்து அதன்மேல் ஏற்றினேன். இளைய மெக்கானிக்குகளே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் வண்டியின் பெருமையைச் சொன்னால் இல்லை என்பார். அளவைச் சொன்னால் எடுத்துக் கொடுப்பார்.

சீலின் உதடு ஆயில் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் போடாததற்குச் சமம். ஷாஃப்ட்டின் பல் உதட்டைக் கிழிக்காமலிருக்க, பாய் கடை பாலிதீன் பையைச் சுற்றி அதன்மேல் வழுக்கி ஏற்றினேன். வெளி விளிம்புக்கு ஷெல்லாக் பசை தடவி, மரக்கட்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டினேன். ஒவ்வொரு தட்டுக்கும் பாய் வெளியிலிருந்து "பாத்து, பாத்து" என்றார். பிரசவ அறை வாசலில் நிற்பவரைப்போல இருந்தது அவர் நிலைமை.

4. எலுமிச்சம்பழம்

பந்தல்காரர்கள் வரும் நாளும் வந்தது. குழியை மூடியிருந்தோம். கியர்பாக்ஸ் நிறைய ஆயில். அடியில் ஒரு பழைய வெள்ளை வேட்டியை விரித்துவைத்துக் காலையில் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

வெளியே காயலான் கடைக்காரர் சம்மட்டி, உளி சகிதம் கட்டைவண்டியோடு வந்துவிட்டார். மாடுகளை அவிழ்த்து நிழலில் கட்டிவிட்டு, வாசல் படலுக்கு எதிரே வண்டியிலேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டார். பந்தல்காரர்கள் மூங்கில்களோடு ஓரமாக நின்றார்கள்.

பாய் துஆ ஓதி முடித்தார். கண்ணுசாமி தன் பங்குக்குச் சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, வண்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறினார். நான்தான் அவரிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். லீவரை முன்னால் தள்ளினால், பிரேக்கை மிதித்திருந்தாலொழிய வண்டி தானாக ஊரும் என்று. தலையைத் தலையை ஆட்டினார். ஆனால் இருபது இருபத்தைந்து வருஷம் பஸ் ஓட்டிய கால், நான் சொன்னதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

எஞ்சினை ஸ்டார்ட் செய்தார். கிளட்ச்சை, அதாவது அந்தப் பொய்ப் பெடலை, முழுசாக மிதித்தார். லீவரைத் தள்ளினார். பிறகு நிதானமாக, பாய் "ரைட்" சொல்லட்டும் என்று ஜன்னல் வழியே திரும்பிப் பார்த்தார்.

லாரி யாருக்கும் காத்திருக்கவில்லை. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. பந்தல்காரர்கள் கைதட்டினார்கள். பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லாரி படலைத் தாண்டிப் போய்க் கட்டைவண்டியின் பின்பக்கத்தை மெதுவாக முட்டி, அதையும் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கியது. காயலான் கடைக்காரர் வாயில் வெற்றிலையோடு உட்கார்ந்தபடியே போனார். மாடுகள் மரத்தடியில் நிற்பதைக் கண்ட பிறகுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. உடனே குதித்துவிட்டார்.

"கிளட்சு புடிக்கல மேஸ்திரி, கிளட்சு புடிக்கல" என்றார் கண்ணுசாமி. வலது காலையும் கொண்டுவந்து அதே பெடலில் வைத்து, இரண்டு காலாலும் எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தார்.

நான் ஓடிப்போய் ஃபுட்போர்டில் தொற்றி, ஜன்னலுக்குள் கையை விட்டு ஸ்விட்ச்சை அணைத்தேன். லாரி நின்றது. கட்டைவண்டிக்கு நுகத்தடியில் மண் அப்பியதைத் தவிர ஒன்றுமில்லை.

எல்லாரும் பாயம்மாவைத்தான் பார்த்தோம். வெளியே வந்தார். காலியான வாசலைப் பார்த்தார். லாரி வந்த தடத்தில் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். கடைசியில், குறுக்கே ஓடிய ஒரு கோழியைப் பிடித்துத் தூக்கி அதன் காலைத் திருப்பிப் பார்த்தார். மஞ்சளாகச் சுத்தமாக இருந்தது.

காயலான் கடைக்காரரிடம் திரும்பி, "நீங்க போங்கண்ணே. கல்யாணத்துக்கு வந்துடுங்க" என்றார்.

பாய் லாரியின் மட்கார்டில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.  கூலி கிடைத்த சந்தோஷங்கள் பல உண்டு, அன்றைய சந்தோஷம் வேறு.

5. பாடம்

அன்று மத்தியானமே பாய் ஹாக்ஸா பிளேடோடு வந்தார். அந்தப் பெடலை அறுத்து எறி என்றார். இந்த முறை நான் மறுத்தேன். கண்ணுசாமி மிதித்தது தப்பில்லை, மிதித்தால் வண்டி நிற்கும் என்று நம்பினார், அவ்வளவுதான். நம்பிக்கையைக் கழற்ற எந்த ஸ்பேனரும் கிடையாது. பொய்ப் பெடலுக்கும் பிரேக் பெடலுக்கும் நடுவில் ஒரு இரும்புப் பட்டையை வைத்து, பாதிக்குமேல் மிதித்தால் பிரேக்கும் சேர்ந்து இறங்கும்படி செய்துவிட்டேன். இப்போது கிளட்ச்சை மிதித்தால் நிற்கும், விட்டால் போகும். கண்ணுசாமி ஓட்டிப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் மேஸ்திரி வண்டி சரியாச்சி" என்றார். சீல் போட்டதற்கு ஒரு வார்த்தை இல்லை.

ஓடுகிற வண்டியில் கியர் மாற்றும் பழக்கத்தில் அந்தப் பெடலை மிதித்தால் சடக்கென்று பிரேக் பிடிக்கும் என்றும் சொல்லியிருந்தேன். அதையும் கால் கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டாரை அந்த லாரியில்தான் அழைத்துவந்தார்கள். ஏரிக்கரைத் திருப்பத்தில் கண்ணுசாமி வழக்கம்போலக் கிளட்ச்சை மிதிக்க, பின்னால் பலகையைப் பிடித்து நின்ற சம்பந்திமார் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பெண் வீட்டுத் திசையைப் பார்த்துக் குனிந்து நிமிர்ந்தார்கள். கடைத்தெருவில் ஒரு தடவை, வாசலுக்கு வரும்போது ஒரு தடவை.

பந்தலடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பாயம்மா என் பக்கம் திரும்பினார்.

"ஏம்பா ஏழுமல, மாப்ள வூட்டுக்காரங்க இவ்ளோ பணிவா வந்து நான் எங்கயும் பாத்ததில்ல. அந்தப் பெடல யாரும் தொடக் கூடாது, சொல்லிட்டேன்."

பாய் அந்த லாரியை விற்கும்வரை யாரும் தொடவில்லை. வண்டியைப் பிரித்துப் பூட்ட நான் பல பேரிடம் கற்றுக்கொண்டேன். வண்டியை மட்டும் சரிசெய்தால் வேலை பாதிதான், ஓட்டுகிறவரின் காலையும் பார்த்துவிட்டுத்தான் டூல் பெட்டியை மூட வேண்டும் என்பதைக் கண்ணுசாமியிடம்தான் கற்றேன்.