லூர்துவின் தெருவுக்குப் போகாத மணி

மைசூர் மண்டி மொஹல்லா பக்கத்துக் கிறிஸ்தவக் கோவிலில், சாமியாருக்கு உதவியாளான உபதேசியாராக நான் சேர்ந்த இரண்டாம் வருஷம் ஊரில் பிளேக் பரவியது. சாகக்கிடப்பவருக்கு அவஸ்தை என்னும் கடைசி எண்ணெய் பூசச் சாமியார் புறப்பட்டால், முன்னால் கைமணி அடித்துக்கொண்டு நடப்பது என் வேலை. வீட்டுக்குள்ளும் போய் நோயாளியின் தலையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும்.

அந்த வாரம் மூன்று பிளேக் வீடுகளுக்குப் போயிருந்தேன். அப்போது என் மகளுக்கு நான்கு வயது. நான் திரும்பியதும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள்; தள்ளிவிட்டால் அழுவாள்.

நாலாவது அழைப்பு ஒரு மத்தியானம் வந்தது. மூட்டை தூக்கும் லூர்துவின் மனைவி சவரியம்மா, சாமியார் பங்களா வாசலில் மூச்சிரைக்க நின்றார்.

"உபதேசியாரே, அவருக்கு அக்குள்ல கட்டி. நெனவு இருக்கறப்பவே சாமியார் வரணும். பேகனே, சீக்கிரம் வாங்க!"

உள்ளே சாமியார் சாப்பிடும் தட்டுச் சத்தம் எனக்குக் கேட்டது.

"சாமியார் ஸ்ரீரங்கப்பட்டணம் போயிருக்காரும்மா. வந்ததும் கூட்டிட்டு வரேன்" என்றேன்.

பொழுது சாய்வதற்குள் லூர்து இறந்துவிட்டார். மரண ரிஜிஸ்தர் எழுதும்போது சாமியார் கேட்டார்: "என்னை ஏன் கூப்பிடல?"

"யாரும் வரல சாமி."

'வீட்டார் அழைக்கவில்லை' என்று எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் அவருக்குக் கோபம். "அன்னைக்கு நான் பங்களாவை விட்டு நகரவே இல்லை. ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லையா அந்த வீட்டில?"

பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சவரியம்மா திரும்பி என்னைப் பார்த்தார். பூசை முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"பாப்பா நல்லாருக்கா?"

தலையாட்டினேன்.

"மணி கேக்குதா, மணி கேக்குதான்னு கேட்டுட்டே இருந்தாரு. தெருமுனைக்கு வந்துட்டாங்கன்னு நானும் பொய் சொன்னேன்."

அப்படியே சாமியாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வரியை அடித்துவிடும்படி கெஞ்சினேன்.

"ரிஜிஸ்தர்ல அடிக்கக் கூடாது. ஓரத்தில நீயே எழுது. வர்ற ஞாயிறு பூசையில நீயே வாசி" என்றார். பிறகு மெதுவாக, "பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாமே. மணி அடிக்க எனக்கும் தெரியும்" என்றார்.

'அழைத்தார்கள். உபதேசியார் மறைத்தார்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஞாயிறு அதை வாசித்தபோது சவரியம்மா தலை நிமிரவில்லை.

மகளுக்கு இப்போது கல்யாண வயது. பூசையில் வாசிக்கும் கல்யாண ஓலை எழுத ரிஜிஸ்தர்களைப் புரட்டினால், அந்தப் பக்கத்தில் ஓரத்து வரியை வாசித்துவிட்டுத்தான் இன்றும் தாண்டுகிறேன். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு: வாசலில் நிற்பவருக்கு நீங்களாகப் பதில் சொல்லாதீர்கள். பயமாக இருந்தால் மணியைச் சாமியார் கையில் கொடுங்கள். மணி அந்தத் தெருவுக்குப் போய்ச் சேர வேண்டும்.