பானெட்டுக்கு முன்னால் ஒரு சிரிப்பு

என் பழைய பிக்கப்புக்குப் பெரிய டயர் போட ஆசைப்பட்டேன். சாரம் பகுதியில் இருக்கும் மெக்கானிக் ஒருவர் சேசிக்கும் பாடிக்கும் நடுவே கட்டைகள் கொடுத்து, நீள போல்ட் மாட்டி, வண்டியை உயர்த்திக் கொடுத்தார். சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் ஊரே தாழ்ந்து தெரிந்தது.

மறுநாள் காலை தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் ஏற்றிவிட்டு இஞ்சினைக் கிளப்பினேன். என் வண்டிக்கு முன்னால்தான் கன்னியம்மா அக்கா தரையில் உட்கார்ந்து மீன் ஆய்ந்து விற்பார். தினமும் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மீன் வைத்திருக்கும் அலுமினிய அன்னக்கூடையை நிதானமாக நகர்த்துவார். அதுவரை காத்திருப்பேன். அன்று உயர்ந்துவிட்ட பானெட்டுக்கு அப்பால் யாரும் தெரியவில்லை. போய்விட்டார் என்று நினைத்து கிளட்சை விட்டேன்.

அலுமினியம் நசுங்கும் சத்தம். "நிறுத்துடா!" என்று யாரோ அலறினார்கள்.

குதித்து இறங்கினேன். டயருக்கடியில் அன்னக்கூடை. முன்பின் தெரியாத ஒருவர் அக்காவைத் தோளோடு பிடித்து ஓரமாக இழுத்திருந்தார்.

அக்கா திட்டவில்லை. "நான் சிரிச்சேனேப்பா. நீயும் என்னத்தான் பாத்துனு இருந்த. கூடைய எடுக்கிற வரைக்கும் நீ நிப்பன்னு உக்காந்துட்டேன்" என்றார்.

அன்றே கட்டைகளைக் கழற்றச் சொல்லிவிட்டேன். வண்டி பழைய உயரத்துக்கு வந்துவிட்டது. அக்காவும் அதே இடத்தில்தான் உட்காருகிறார். ஆனாலும் இறங்கி முன்னால் போய்ப் பார்க்காமல் நான் வண்டியை எடுப்பதில்லை. அன்று நான் பார்க்காத அந்தச் சிரிப்பு, இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.