ஹுபாராவும் அமாவாசைச் சோறும்

வளைகுடாவில், புஜைரா மலையடிவாரத்தில் ஒரு பெரிய மனிதர் வேலி போட்டு வைத்திருந்த பாலைவனக் காப்பகத்தில் எண்பதுகளில் நான் மிருக வைத்தியன். மான்களைப் பற்றி அங்கே யாருக்கும் கவலையில்லை. எல்லோர் உயிரும் ஒரு ஹுபாராவிடம் இருந்தது. கோழியைவிடப் பெரிய, மணல் நிறப் பறவை. அங்கே முதல்முறையாக வெறுந்தரையில் இரண்டு முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. ஆள் கிட்டே போனால் போதும், விட்டுவிட்டு ஓடிவிடும். முட்டை போனால் என் வேலையும் போகும்.

என் மனைவிக்கு வேறு கவலை. அவள் அப்பா இறந்தபோது எங்களால் ஊருக்குப் போக முடியவில்லை. அதனால் அமாவாசைதோறும் குவார்ட்டர்ஸ் மதில்மேல் சோறு வைத்து, "கா... கா..." என்று கூப்பிடுவாள். அந்தப் பொட்டலில் காக்கைக்கு எங்கே போவது? சோறு காய்ந்து கிடக்கும். நான் கிண்டல்கூடச் செய்திருக்கிறேன். ஒரு நாள் துறைமுகப் பக்கமிருந்து ஒரு காக்கை வந்தேவிட்டது.

"அப்பா வந்துட்டாருங்க!" என்று அழுதாள். அதற்கப்புறம் தினமும் சோறுதான்.

ஒரு காலையில் அதே காக்கை ஹுபாராவுக்குப் பின்னால் தத்திக்கொண்டிருந்தது. வாலைப் பிடித்து இழுத்தது. தாய் சிலிர்த்துப் பாதி எழுந்து திரும்பியது. முட்டையை விட்டு முழுக்க எழுந்தால் போச்சு. காப்பகத்துக் காவல்காரர், ஒரு பலூச்சிஸ்தான்காரர், துப்பாக்கியைத் தூக்கினார். "நஹி பாய்!" என்று கையைப் பிடித்தேன். வெடிச் சத்தம் கேட்டால் தாயே ஓடிவிடும்.

பின்னால் நின்றிருந்த மனைவி, "நான் கூப்பிட்டா வரும்," என்றாள். "ஆனா அத என்ன பண்ணுவீங்க?"

"வலை போட்டுப் பிடிச்சு, குஞ்சு பொரிக்கிறவரைக்கும் கூண்டுல வைக்கிறேன். சத்தியமா."

சோற்றுத் தட்டோடு மதிலுக்கு ஓடினாள். நான் சைகை காட்ட, காவல்காரர் நோயாளிப் பறவைகளைப் பிடிக்கும் வலையோடு மதிலடியில் பதுங்கினார். அவள் கூப்பிட்டாள். காக்கை தலையைத் தூக்கியது, மறுபடி முட்டையைப் பார்த்தது. "வாங்கப்பா, சாப்பிட வாங்க," என்றாள். அது பறந்துபோய் அவள் கைக்கருகில் உட்கார்ந்தது.

வலை விழுந்தது. ஹுபாரா மறுபடி முட்டைமேல் அமர்ந்தது. நான் கூண்டோடு ஓடிவருவதற்குள் காவல்காரர் காக்கையின் கழுத்தைத் திருகிவிட்டு, "கலாஸ்!", கதை முடிந்தது, என்று அரபியில் சொல்லிச் சிரித்தார். நாங்கள் தமிழில் பேசியது அவருக்குப் புரியாது; கூண்டைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். அப்பாவின் சாவுச் செய்தி வந்த அன்று செய்தது போலவே, உள்ளே போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டாள்.