இது மருந்து இல்லை, சாப்பாடு

பெண்பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் காய்ச்சல் என்பார்கள். கால் உடைந்தால் மாவுக்கட்டு போடுவார்கள். களைப்பாக இருக்கிறது என்று மட்டும் அவள் வாயைத் திறந்துவிடக் கூடாது. திறந்தால் "டென்ஷன்" என்பார்கள். நாற்பதைத் தாண்டியவளாக இருந்தால் "ஹார்மோன்" என்று இன்னொன்றையும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பார்கள். இரண்டுக்கும் காரணம் அவள் வேலைக்குப் போவது. இதைக் கண்டுபிடிக்க யாருக்கும் ஸ்டெதஸ்கோப் தேவைப்படுவதில்லை.

எனக்குக் குடித்தனம் திண்டிவனத்தில், வேலை விழுப்புரத்தில். ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். காலையில் பாசஞ்சர் வண்டி, சாயங்காலம் கிடைத்த பஸ். கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பரீட்சைக்குப் படித்து வாங்கிய வேலை அது. எனக்கு என்று இருப்பது அது ஒன்றுதான் என்று எழுதினால் சினிமா வசனம் மாதிரி இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், அதுதான் உண்மை.

தைராய்டு குறைவு எனக்குப் பல வருடமாக உண்டு. விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டு ஒழுங்காகத்தான் இருந்தேன். போன வருடம் உடம்பு மக்கர் பண்ண ஆரம்பித்தது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. தலைமுடி கொத்தாக உதிர்ந்தது. தீட்டு வந்தால் நிற்காது, நின்றால் வராது.

ரயிலில் எங்கள் பெண்கள் பெட்டியில் அவரைக்காய் ஆய்வார்கள், பூக்கட்டுவார்கள், மாத்திரைகளை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நான் முகம் வாடி உட்கார்ந்ததும் ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். ஒருத்தி அமுக்கரா பொடியைப் பாலில் கலக்கச் சொன்னாள். இன்னொருத்தி பையிலிருந்து இரும்புச்சத்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள். "இத்தப் போடுக்கா, குதிரை மாதிரி ஓடுவ." எதிர் இருக்கைக்காரிக்கு மீன் எண்ணெய் மாத்திரைதான் தெய்வம். புடவையைத் தடவிப் பார்ப்பது போல அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். உனக்கு ஒத்துக்கொண்டதா, எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். உனக்கு என்ன குறை என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். டாக்டர் அறையில் கதவு மூடுவதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். பேரணி, விக்கிரவாண்டி என்று நின்று நின்று போகிற வண்டியாவது பேச நேரம் கொடுக்கிறது.

இந்த நேரத்தில்தான் என் நாத்தனார் ஒரு டப்பாவோடு வந்தாள். கணவருக்குத் தங்கை, அடுத்த தெருவில் வீடு. கடையில் கிடைக்காத சத்து பவுடரை வீடு வீடாக விற்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்திருந்தாள். மன அழுத்தத்துக்கும் ஹார்மோனுக்கும் தலைமுடிக்கும் ஒரே டப்பா.

"மாத்திரை இருக்கும்போது இது வேறயா?" என்றேன்.

"அண்ணி, இது மருந்தே இல்ல. சாப்பாடு. கேப்பைக் கூழு குடிக்கிறோம்ல, அந்த மாதிரி. சைடு எபெக்ட்டே கெடயாது. எத்தினி பேரு சாப்ட்டுக்கினு இருக்காங்க தெரியுமா?"

கூடப்பிறந்தவள் கொண்டுவந்ததை வேண்டாம் என்றால் கணவர் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். தினமும் காலையில் இரண்டு ஸ்பூன் கரைத்துக் குடித்தேன். களைப்பு போன பாடில்லை. அடுத்த மாதம் திண்டிவனத்தில் வழக்கமாகப் போகிற டாக்டரிடம் ரத்தப் பரிசோதனை முடிவோடு நானும் கணவரும் போனோம்.

"வேற எதுனா மருந்து எடுக்கிறீங்களா?" என்று காகிதத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"இல்லீங்க சார்." பொய்யில்லை. கூழையும் இட்லியையும் யாராவது மருந்துக் கணக்கில் சொல்வார்களா?

"தைராய்டு ஜாஸ்தியாயிருக்கு. மாத்திரை டோசைக் கொறச்சிடலாம். மத்தபடி டென்ஷன்தாம்மா. அலைச்சலக் கொறைங்க."

பக்கத்தில் இருந்த என் கணவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். வேலையை விடு என்று பல வருடமாக அவர் சொல்லிவந்ததற்கு வெள்ளைக் கோட்டு போட்டவர் சாட்சி சொல்லிவிட்டார் அல்லவா?

டோசைக் குறைத்த பிறகு தலைவலி போய்த் திருகுவலி வந்தது. உட்கார்ந்தால் தூக்கம். கோப்பில் ஒரே பத்தியை மூன்று முறை படித்தும் தலையில் ஏறவில்லை. மேலதிகாரி முதலில் அனுதாபமாகப் பார்த்தார், பிறகு வேறு மாதிரி பார்த்தார். ஒரு நாள் ரயிலில் தூங்கி, விழுப்புரத்தில் இறங்காமல் வளவனூர் வரைக்கும் போய்விட்டேன். அந்த பிளாட்பாரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அந்த வாரமே கணவர் எனக்காக விருப்ப ஓய்வுக் கடிதத்தை டைப் அடித்துக் கொண்டுவந்தார். என் பெயர், என் பதவி, என் உடல்நிலை, எல்லாம் அவர் வாக்கியத்தில்.

"கையெழுத்து மட்டும் போடு. வூட்ல இருந்தா உடம்பு தானா தேறிடும். எதுக்கு இந்த அலைச்சல், பேஜாரு?"

வீட்டில் இருந்தால் தேறுமாம்! காலையில் சமைத்து, மூன்று டப்பா கட்டி, பாத்திரம் துலக்கி, துணியை மெஷினில் போட்டுவிட்டு ஓடி வந்து நாற்காலியில் உட்காரும்போதுதான் எனக்கு அன்றைக்கு முதல் ஓய்வு. அந்த நாற்காலியைப் பிடுங்கிவிட்டு ஓய்வெடு என்றால் எங்கே உட்கார்ந்து எடுப்பது? ஆனாலும் எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. சோர்ந்தவளிடம் கையெழுத்து வாங்குவது எவ்வளவு சுலபம் என்று அன்றுதான் தெரிந்தது. ஒரு வாரம் பொறுங்கள் என்று மட்டும் கெஞ்சினேன். கெஞ்சினேன் என்று எழுதும்போது இப்போதும் உடம்பு எரிகிறது.

மறுநாள் பெர்மிஷன் போட்டுவிட்டு, விழுப்புரத்திலேயே ஹார்மோன் நோய்களுக்கென்று இருக்கிற ஒரு பெண் மருத்துவரிடம் தனியாகப் போனேன். அவர் பரிசோதனை முடிவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி முடிவைப் பார்த்தார்.

"இந்த ரிப்போர்ட் ஒண்ணு சொல்லுது, உங்க உடம்பு வேற சொல்லுது. மருந்துன்னு கேக்கல. எழுந்ததுல இருந்து படுக்கற வரைக்கும் வாயில போடுறது எல்லாத்தையும் சொல்லுங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். பவுடர் என்றதும் டப்பாவின் படம் கேட்டார். நாத்தனார் வாட்ஸப்பில் அனுப்பியது இருந்தது. பெரிதாக்கிப் படித்து, ஓர் இடத்தில் விரல் வைத்தார்.

"பயோட்டின். முடிக்குன்னு போடுற வைட்டமின். இவ்ளோ அதிகமா உள்ள போனா சில தைராய்டு டெஸ்டு தப்பாக் காட்டும். கொறச்சலா இருக்கறத ஜாஸ்தின்னு சொல்லும். இத நிறுத்திட்டு அடுத்த வாரம் திரும்ப ரத்தம் குடுங்க."

நிறுத்தினேன், ரத்தம் கொடுத்தேன். முடிவு தலைகீழாக வந்தது. கூட்டியிருக்க வேண்டிய மாத்திரையைக் குறைத்திருக்கிறார்கள். ரயிலில் கேட்டவற்றை எல்லாம் அடுக்கி, இவற்றில் எது நல்லது என்று கேட்டேன். "என்ன குறைன்னு தெரியாம எது நல்லதுன்னு எப்படிம்மா சொல்றது?" என்றார். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்க எனக்கு ஒரு வருடம் ஆகியிருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் வேலையையே விட்டிருப்பேன்.

சரியான டோசில் உடம்பு மெதுவாக என் பேச்சைக் கேட்டது. கணவர் டைப் அடித்த கடிதம் கையெழுத்தில்லாமலே கிடந்தது. இரண்டு மாதத்தில் ரயில்வே மேம்பாலத்தில் கைப்பிடியைத் தொடாமல் ஏறினேன். நாத்தனாரிடம் நடந்ததைச் சொன்னேன். "சரிங்க அண்ணி" என்றாள். அடுத்த வாரம் அவளுடைய வாட்ஸப் ஸ்டேட்டஸில் என் படம். ஒரு கல்யாணத்தில் சிரித்துக்கொண்டு நின்றது. கீழே, "எங்கள் அண்ணியின் களைப்பு பறந்தது!" பக்கத்தில் டப்பா.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக் கூடத்தில் பவுடர் கூட்டம். அந்தத் தெருவில் இருக்கிற பெண்கள் வந்திருந்தார்கள். என்னையும் அழைத்திருந்தாள், கணவரும் வா வா என்று கூட்டிப்போனார். "அண்ணியே சொல்லுவாங்க" என்று எழுப்பி விட்டாள்.

சொன்னேன். பவுடர் குடித்ததையும், டெஸ்ட் தப்பாக வந்ததையும், வளவனூர் பிளாட்பாரத்தையும் சொன்னேன். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் இந்த டப்பாவை டாக்டரிடம் காட்டாமல் தொடாதீர்கள் என்றேன். கூட்டத்தில் இரண்டு பெண்கள் மடியில் வைத்திருந்த டப்பாவை மெதுவாகத் தரையில் வைத்தார்கள். நாத்தனார் அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள்.

வீடு வரைக்கும் கணவர் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் கத்தினார்.

"கூடப் பொறந்தவ பொழப்புல இப்பிடி மண்ணள்ளிப் போட்டுட்டியே!"

"அவ டப்பாவத் தூக்கிக்கினு தெருத்தெருவாப் போறது பொழப்புங்களா?" என்றேன். "அப்போ நான் இத்தினி வருஷமா வேலைக்குப் போறது மட்டும் இன்னாத்துக்குங்க உங்களுக்கு அலைச்சலாத் தெரிஞ்சுது?"