விசில் கை மாறிய இரவு

நம்பாதவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். அடுத்தவர் சொன்ன பேய்களை எல்லாம் கிண்டலடித்தே காலம் தள்ளியவன்தான் நானும். ஆனால் இது எனக்கே நடந்தது. என் விசில் இன்னும் திரும்பி வரவில்லை.

சுரங்க ரயில் நிலையத்தில் நான் செக்யூரிட்டி. அண்மையில் எங்கள் மேலதிகாரிக்கு ஞானோதயம் பிறந்தது. இனி யாருக்கு எந்த இடம், எந்த ஷிப்ட் பிடிக்குமோ அதையே தருவார்களாம். 'உங்கள் விருப்பமே எங்கள் கட்டளை' என்று பேனர் கட்டி, எங்களை வரிசையாக நிற்க வைத்து ஒன்றரை மணி நேரம் பேசினார். உட்கார விருப்பமா என்று மட்டும் கேட்கவில்லை.

நான் கேட்டது பகல் ஷிப்ட். மனைவிக்குக் கண் ஆபரேஷன் ஆகி, இரண்டு கண்ணிலும் கட்டு. இரவில் தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட வீட்டில் வேறு ஆள் இல்லை.

டூட்டி போடும் அறையில் இருப்பவர் என் தங்கை கணவர்.

"மாப்பிள்ளை, பகல்தான் வேணும்."

"உங்களுக்கு இல்லாததா மச்சான்? என் பொறுப்பு."

வந்தது இரவு. அதுவும் மூன்றாம் பிளாட்பாரம். அங்கே ரயில் நிற்காது. கேபிள் திருட்டுப் போகாமல் பார்க்க ஓர் ஆள், அவ்வளவுதான்.

"கம்ப்யூட்டர் போட்டது மச்சான், நான் என்ன பண்ண?" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. டூட்டி மாற்றிக்கொண்டால் விசிலைக் கழற்றிக் கொடுத்துவிடுவோம். கம்ப்யூட்டர் என்ன சொன்னாலும், விசில் யாரிடமோ டூட்டி அவருடையது. மாதம் முடியும்வரை திரும்பக் கேட்கக் கூடாது.

முதல் இரவு. மணி பன்னிரண்டு.

படிக்கட்டு கேட்டைப் பூட்டிவிட்டார்கள். இனி முதல் ரயிலுக்குத்தான் திறப்பார்கள். போனில் சிக்னல் இல்லை. மின்சாரச் சிக்கனம் வேறு. ஆள் நடந்தால்தான் விளக்கு எரியும்.

பிளாட்பாரக் கோடியிலிருந்து ஒருவர் வந்தார். சிக்னலின் சிவப்பு வெளிச்சத்தில் தெரிந்தது, பழைய நீலச் சீருடை. நாங்கள் காக்கிக்கு மாறி இரண்டு வருடமாகிறது. பாவம், இவருக்கு அளவெடுக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

முழு நீளமும் நடந்து என்னிடம் வந்தார்.

ஒரு விளக்குகூட எரியவில்லை...

"வீட்ல யாரு இருக்கா?"

"மனைவி மட்டும். கண்ணுல கட்டு."

"அந்த டூட்டிய எனக்குத் தாங்க. இங்க நீங்க இருங்க."

வீட்டுக்கும் ஷிப்ட் மாற்றா என்று சிரிப்பு வந்தது. விளையாட்டாகத்தான் விசிலைக் கழற்றி நீட்டினேன்.

வாங்கிக்கொண்டார். தண்டவாளத்தில் இறங்கினார்.

பூட்ஸ் சத்தம் இல்லை.

சுரங்கத்துக்குள் விசில்... ஒரே ஒரு முறை... நீளமாக...

பன்னிரண்டு பத்து.

விடியும்வரை நடந்துகொண்டே இருந்தேன். விளக்கு அணையக் கூடாதே.

வீட்டுக்கு ஓடினேன். மனைவி சிரித்த முகமாகப் படுத்திருந்தாள்.

"பன்னெண்டு அடிச்சு கொஞ்ச நேரத்துலயே வந்துட்டீங்களே. விடிய விடிய கைய விடவே இல்ல."

கட்டிலருகே கிடந்த காலி நாற்காலியைப் பார்த்தேன்.

"ராத்திரியும் இப்படித்தான், ஒரு வார்த்தை பேசல. தடவிப் பார்த்தேன், கழுத்துல விசிலைக்கூடக் கழட்டாம உக்காந்திருந்தீங்க."

நேராக மாப்பிள்ளையிடம் போனேன். சொல்லி முடித்தேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"நீலச் சட்டையா மச்சான்?"

இரண்டு வருடத்துக்கு முன் அங்கே காவல் இருந்தவராம். மனைவி படுத்த படுக்கை. இரவில் வீட்டில் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். கொடுக்கவில்லை. அவள் தனியாகவே போய்ச் சேர்ந்தாள். மறுநாள் அவர், மூன்றாம் பிளாட்பாரத்தில்...

"உங்களுக்கு எப்படி மாப்பிள்ளை தெரியும்?"

"போன வாரம் ஆள் இல்லாம நானே ஒரு ராத்திரி நின்னேன். என்கிட்டயும் வீட்ல யாருன்னு கேட்டார்." தலை குனிந்தார். "உங்க தங்கச்சி இருக்கா, பிள்ளைங்க இருக்கு... எனக்கு வேணாம், மச்சான் வீட்லதான் ஆள் வேணும்னு சொல்லிட்டேன். அப்புறந்தான் உங்க பேரை அங்க போட்டேன்."

இத்தனை பேரில், என் விருப்பத்தைக் கேட்டு அதைக் கேட்டபடியே செய்தவர் அந்த நீலச் சட்டைக்காரர் ஒருவர்தான்.

அன்று இரவு லீவு போட்டேன். கதவைத் தாழிட்டு, மனைவியின் வலது கையைப் பிடித்தபடி உட்கார்ந்தேன்.

பதினொன்று...

பன்னிரண்டு...

பன்னிரண்டு பத்து.

மனைவி புரண்டாள்.

"ஏங்க, ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா நான் எப்படித் திரும்பிப் படுக்கிறது?"